சரிவில் நின்ற ஜீப்பும் என் டீசல் கணக்கும்

ஜனவரியில் மூன்று நாள் விடுப்பு கேட்டேன். மேலாளர் கொடுத்தார், கூடவே வேலையையும் கட்டிக்கொடுத்தார். நான் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பொறியாளர். கனமான எண்ணெயை வினையூக்கி கொண்டு உடைத்து பெட்ரோலும் டீசலும் எடுக்கும் பிரிவு. டீசலைக் கூட்டும் வழியைத் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். என் பதவி உயர்வு அதில்தான் தொங்கியது.

வழிகள் இரண்டு. கனமான எண்ணெயில் கொஞ்சத்தை டீசலோடு சேர்த்து இழுத்துவிடலாம். அளவு உடனே கூடும், தரம் இறங்கும், குளிரில் வண்டி முரண்டு பிடிக்கும். இல்லாவிட்டால் உடைக்கும் சூட்டைக் குறைத்து, உடையாத மிச்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்பலாம். அளவு, தரம் இரண்டும் கூடும்; ஆனால் பெட்ரோல் குறையும், மேலிடம் முகம் சுளிக்கும். மனம் முதல் வழியிலேயே நின்றது. பொய் சொல்வானேன்?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குப் பேருந்தில் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து கிளென்மார்கன் என்ற தேயிலைத் தோட்ட ஊர் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். ஓர் இரவு தங்கிப் போய்வர ஜீப் வாடகை நாலாயிரம். ஓட்டுநர் ஜோசப் அண்ணன். விடுதிக்குப் போனதும் ஜீப்பைச் சரிவில், மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். உருண்டுவிடுமோ என்று எனக்குப் பயம். முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

"ஏனுங்க மேடம், சமதளத்துல போட்டா காலையில எந்திரிக்காதுங்க."

"பரவாயில்லை அண்ணா."

"செரிங்க, உங்க இஷ்டமுங்க."

காலையில் புல்லெல்லாம் உறைபனி. ஜீப் இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, அடங்கிவிட்டது. சரிவு வரை தள்ளினோம். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன இரண்டு பெண்களும் கை கொடுத்தார்கள். "சோறு தின்னீங்களா இல்லியா, நல்லாத் தள்ளுங்கம்மா!" என்றாள் ஒருத்தி. எனக்கு மூச்சு வாங்கியது, வெட்கமாகவும் இருந்தது. சரிவில் உருண்ட வேகத்தில்தான் ஜீப்புக்கு உயிர் வந்தது.

"டீசல் ஃபேக்டரியில வேலைன்னீங்க. தெனமும் காலையில எங்க பாடு இதுதானுங்க. ஏதாச்சும் பண்ணுங்க," என்று ஜோசப் அண்ணன் சிரித்தார்.

அவர் ஜீப்பில் இருந்தது எங்கள் ஆலை டீசலா, தெரியாது. பேட்டரியும் பழசு. பழியெல்லாம் டீசல் மேல் போட மாட்டேன். ஆனால் முதல் வழியை எழுத அதற்குப் பிறகு கை வரவில்லை. ஊட்டி சாலை ஏறியதும் சிக்னல் வந்தது, மேலாளரைக் கூப்பிட்டு இரண்டாவது வழியைச் சொன்னேன்.

"பெட்ரோல் குறையுமேம்மா?"

"குறையும் சார்."

"உன் புரமோஷன்?"

"அதுவும் தள்ளிப்போகும் சார்."

ஜனவரியில் போகிறவர்கள் கம்பளியும் கையுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜீப்பை எங்கே நிறுத்துவது என்று ஓட்டுநருக்குச் சொல்லாதீர்கள். ஊட்டியில் இறங்கிக் கிளம்பும்போது ஜோசப் அண்ணனிடம், "அடுத்த தடவை முற்றத்திலேயே நிறுத்தலாம் அண்ணா," என்றேன். அவர் நம்பவில்லை. சக்கரத்துக்கு வைக்கும் கல்லை எடுத்து சீட்டுக்கடியில் பத்திரப்படுத்தினார்.