பேரிக்கத்தி

அந்தக் கத்தியின் அலகு என் ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். முதுகு நேராக வந்து நுனியில் மட்டும் கொஞ்சம் கீழே வளைந்திருக்கும். பிடி சாதாரண மரம், ஆணி இரண்டும் தேய்ந்து மரத்தோடு மரமாகிவிட்டன. தீட்டித் தீட்டி அலகு பாதியாக மெலிந்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள், "இது எதுக்கு, பென்சில் சீவவா?" என்று கேட்பார்கள். "பேரிக்கத்தி" என்பேன். அப்படி ஒரு கத்தி உலகத்தில் எந்தக் கடையிலும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெயரை வைத்ததே நான்தான். வைத்துவிட்டுப் பட்ட பாட்டைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். சொல்லி முடித்தால் தெளிவு வருமா என்றால் வராது. இத்தனை வருஷம் வராதது இன்றைக்கு எங்கிருந்து வரும்?

என் வீட்டுக்காரரின் அக்கா எனக்கு மதினி முறை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்து இருந்தார். கொழுந்து எடுப்பதில் அவரை அடிக்க இலங்கை மலையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆள் இல்லை. ஒரு மழைநாளில் தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்து முழங்கால் சிப்பி உடைந்தது. அதோடு மலை ஏறுவது நின்றது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பம். தேயிலை விலை விழுந்து, வாரம் தவறாமல் யாருக்காவது பேர் வெட்டினார்கள். பேர் வெட்டுவது என்றால் செக்ரோல் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவது. வேலையும் போகும், வரிசை வீடான லயத்தில் இருக்கும் ஒற்றை அறைக் காம்பராவும் போகும், கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊர் என்று நாங்கள் சொன்னது துறையூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மதினி அதை ஐந்து வயதில் விட்டு வந்தவர். அங்கே அவருக்குச் சோறு போட ஒரு சித்தப்பா மகனைத் தவிர ஆள் கிடையாது. பெரிய கணக்கப்பிள்ளை இரக்கப்பட்டுத்தான் பங்களாக் குசினியில் காய்கறி நறுக்கும் வேலையில் விட்டார். "ஒரு மாசம் பாப்போம். துரைசாணிக்குப் புடிக்கலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது தாயி" என்று சொல்லித்தான் விட்டார்.

நான் அதே பங்களாவில் ஆயா. துரையின் மனைவியான துரைசாணியின் நாலு வயதுப் பெண்குழந்தையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கம், கோ, மில்க், நோ நோ என்று ஒரு கைப்பிடி இங்கிலீஷ் எனக்கு வந்திருந்தது. அந்தக் கைப்பிடியை வைத்துக்கொண்டு லயம் முழுக்க நான் அடித்த பந்தா கொஞ்சநஞ்சமல்ல. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், "இங்கிலீசுக்காரி வர்றா, வழி விடுங்கடி" என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அது கிண்டலாகவே தெரிந்ததில்லை.

பங்களாவுக்குப் பின்னால் நாலைந்து பேரி மரங்கள் இருந்தன. காய்க்கும் பருவத்தில் துரைசாணி பழங்களைத் தோல் சீவி, காம்பு போகாமல் முழுசாகச் சர்க்கரைப் பாகில் வேகவைத்துப் போத்தலில் அடைப்பார். மதினிக்கோ வாழ்நாளில் பழக்கம் அருவாமனை ஒன்றுதான். கீழே குந்தி, பலகையை மிதித்துக்கொண்டு, நிற்கிற அலகுக்குக் காயைக் கொண்டுபோய்த்தான் அறுப்பார். குசினியிலோ நின்றுகொண்டு, மேசையில் வைத்து, சமையல்காரக் கோக்கி இறைச்சி வெட்டும் பெரிய கத்தியால் சீவச் சொன்னார்கள். கோக்கி சிங்களவர், நல்ல மனுஷர்தான், ஆனால் அவருடைய கத்தி முழங்கை நீளம். மதினி சீவினால் பழத்தில் பாதி தோலோடு போகும். ஒருநாள் துரைசாணி குப்பைக் கூடையிலிருந்து ஒரு தோலை எடுத்து, அதில் ஒட்டியிருந்த சதையைக் காட்டி, தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. மதினியின் கையைத் தொட்டுக் காட்டி, உன் கைக்குத் தக்கதாக ஒன்று வாங்கிக்கொள் என்பதுபோலச் சைகை செய்து, ஒரு வார்த்தை சொன்னார். மதினி என்னைப் பார்த்தார். நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "பேரிங் கத்தியாம் மதினி. பேரி சீவுறதுக்குன்னே ஒரு கத்தி இருக்காம்" என்றேன். துரைசாணி சொன்னது 'பேரிங் நைஃப்', எதற்கும் தோல் சீவும் சின்னக் கத்தி என்று எனக்குத் தெரிய வருவதற்குள் எத்தனையோ நடந்து முடிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் கடைத்தெருவுக்குப் போனோம். மதினி காலை இழுத்து இழுத்து நடந்து, வழி முழுக்கப் "பேரிக்கத்தி, பேரிக்கத்தி" என்று மறந்துவிடாமல் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மடியில் இரண்டு பேரிக்காயும் ஓர் உருளைக்கிழங்கும் முடிந்திருந்தார். இரும்புச் சாமான் கடை முதலாளி எங்கள் துறையூர்ப் பக்கத்து ஆள். கேட்டதும் சிரித்துவிட்டார். "பேரிக்குத் தனிக் கத்தியா? அப்ப முட்டைக்கோசுக்கு ஒண்ணு, கேரட்டுக்கு ஒண்ணுன்னு நான் இன்னொரு கடைதான் போடணும் தாயி" என்றார். சிரித்தாலும் எட்டுக் கத்திகளை எடுத்துப் பரப்பினார். எலும்புப் பிடி போட்ட சீமைக் கத்தி, மடக்குக் கத்தி, ரொட்டி அறுக்கும் பல்லுக் கத்தி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தியின் தம்பி மாதிரி ஒன்று. எதிலும் பேரி என்று எழுதியிருக்கவில்லை. இங்கிலீஷ் தெரிந்தவள் என்று அழைத்து வரப்பட்டவள் நான். எலும்புப் பிடிக் கத்தியை எடுத்து, "இதுதான் மதினி, இதுதான் துரைசாணி சொன்னது" என்று அடித்துச் சொன்னேன்.

மதினி என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. முதலாளியிடம் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டுக் கையை நனைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிடியாகப் பிடித்துப் பார்த்தார். எலும்புப் பிடி ஈரத்தில் வழுக்கியது, அதை ஒதுக்கினார். மடக்குக் கத்தியின் மூட்டில் அழுக்குச் சேரும் என்று ஒதுக்கினார். நகத்தின் மேல் அலகை வைத்து வழுக்குகிறதா, பிடிக்கிறதா என்று பார்த்தார். கடைசியில் மூலையில் கிடந்த இந்தச் சின்னக் கத்தியை எடுத்தவர், கடைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "கத்தி நகரணுமா, காய் நகரணுமா? அதுதானே புள்ள எனக்கு இத்தன நாளா கொழப்பம்" என்றார். வலது கையில் கத்தியை அசையாமல் பிடித்து, கட்டை விரலைப் பழத்தில் அண்டக் கொடுத்து, இடது கையால் பழத்தைத் திருப்பினார். அருவாமனையைக் கைக்குள் அடக்கியது போலத்தான் இருந்தது. தோல் மெல்லிய நாடாவாகச் சுருண்டு மடியில் விழுந்தது. வளைந்த நுனியால் உருளைக்கிழங்கின் கண்களைத் தோண்டிப் பார்த்தார், அதுவும் வந்தது. "அது கெழங்கு சீவுற மட்டக் கத்தி தாயி. துரைசாணிகிட்ட கொண்டுபோனா வையப் போறாங்க" என்றார் முதலாளி. "வையிறது அவங்க, சீவுறது நானுங்க" என்று சொல்லி மதினி எழுந்தார்.

மறுநாள் குசினியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம். கோக்கி சாமான் வாங்கப் போயிருந்தார். நான் குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். துரைசாணி வந்து மேசையருகே நின்றார். மதினி ஒரு பழத்தை எடுத்தார். கத்தி அசையவில்லை, பழம்தான் சுழன்றது. காம்பு அப்படியே நிற்க, தோல் ஒரே சுருளாக இறங்கியது. துரைசாணி அந்தச் சுருளை இரண்டு விரலால் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கத்தியை எடுத்துப் பார்த்தார். சிரித்தார். ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் காதில் அது "பேர்வெட்" என்று விழுந்தது. மதினி என் பக்கம் திரும்பினார். "பேர் வெட்டுன்னா சொன்னாங்க?" என்று கேட்டார். துரைமாருக்குத் தெரிந்த தமிழே பத்து வார்த்தைதான், அந்தப் பத்தில் இது ஒன்று. சிரித்தார்களே என்று நினைக்கவும் வழியில்லை. போன மாதம்தான் பூந்தோட்டத்துக் கிழவருக்குப் பெரிய துரை சிரித்துக்கொண்டே கைகொடுத்து, பழைய கோட்டு ஒன்றைப் போர்த்திப் பேர் வெட்டி அனுப்பியிருந்தார். நான் சொன்னேன், "ஆமா மதினி. அப்படித்தான் சொன்னாங்க. மட்டக் கத்தின்னு தெரிஞ்சுபோச்சு."

மதினி அழவில்லை. கூடையில் மிச்சமிருந்த பழங்களையெல்லாம் சீவி முடித்தார். கத்தியைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தார். நேரே பெரிய கணக்கப்பிள்ளையிடம் போய், "எனக்கு ஊரப் பாக்கணும் போல இருக்குங்க. புதங்கெழம போற ஆளுங்களோட என் பேரையும் சேத்துருங்க" என்றார். அவருக்கும் அனுப்ப ஆள் கணக்குத் தேவைப்பட்டது, ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்காரர் கெஞ்சினார். "தொரத்துறதுக்கு முந்தி நானா போயிட்டேன்னு இருக்கட்டும்டா தம்பி. காலு போச்சு, மானமாவது என்கூட வரட்டும்" என்றார் மதினி. புதன்கிழமை ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டோம். ஜன்னல் வழியாக என் கன்னத்தைத் தடவி, "நீ இல்லன்னா அந்த வார்த்த எனக்கு வெளங்கியே இருக்காது புள்ள" என்றார்.

வெள்ளிக்கிழமை குளிர் அதிகம். குழந்தை முதல்முறையாகத் தன் கோட்டுப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டு ஓடிவந்தது. ஒன்றும் மாறிப் போகாமல் ஐந்தும் சரியாக இருந்தன. துரைசாணி அதைத் தூக்கி முத்தமிட்டு, அதே வார்த்தையைச் சொன்னார். அதே சிரிப்பு. பெற்ற பிள்ளைக்கு யாராவது பேர் வெட்டுவார்களா? பால் டம்ளரை அங்கேயே வைத்தேன். பிறகு குசினிக்குப் போய்க் கோக்கியிடம் கேட்டேன். "பெர்ஃபெக்ட்டா? அது ரொம்ப ஹொந்தாய். ஒரு கொறையும் இல்ல" என்றார். சிங்களத்தில் ஹொந்தாய் என்றால் நல்லது. ஓடிப்போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "இந்நேரம் கப்பல் ஏறியிருக்கும்" என்றார். அதற்கு மேல் அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருக்கலாம்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது ஒரே காம்பரா. நடுவில் சீலை கட்டி, அந்தப் பக்கம் மதினி, இந்தப் பக்கம் நாங்கள். புதுசாகக் கட்டிக்கொண்டு வந்தவள் நான். அந்தச் சீலையை நான் எத்தனையோ நாள் சபித்திருக்கிறேன். மதினி போன மறுநாள் காலையில் அதை அவிழ்த்து மடித்தபோது, மனசின் ஒரு மூலையில் காற்றோட்டமாக இருந்தது. அப்படியென்றால் அன்று குசினியில் நான் கேட்டது காதாலா, ஆசையாலா? ஒருநாள் காதுதான் என்று தோன்றும். நானும் பயந்துதானே போனேன் என்று நினைப்பேன். மறுநாளே, ஏன் துரைசாணியிடம் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை, ஏன் கோக்கி வரும்வரை பொறுக்கச் சொல்லவில்லை என்று தோன்றும். ரெண்டும் உண்மை போலத்தான் இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து மதினி யாரையோ பிடித்து எழுதவைத்த காகிதம் வந்தது. கல்யாண வீடுகளுக்குக் காய் நறுக்கப் போவதாகவும், அருவாமனைதான் என்பதால் கஷ்டமில்லை என்றும் சொல்லி, பேரி இந்த வருஷம் காய்த்ததா என்று கேட்டிருந்தார். பதில் எழுதச் சொல்லிக் கணக்கப்பிள்ளையின் முன்னால் உட்கார்ந்தேன். எல்லோரும் சுகம், பேரி காய்த்தது, உங்கள் தம்பிக்கு இருமல் என்றெல்லாம் சொன்னேன். அந்த வார்த்தை வரவில்லை. தெரிந்தால் சந்தோஷப்படுவாரா? இல்லை, ஒன்றுமில்லாததற்குக் கடல் தாண்டி வந்துவிட்டோமே என்று நெஞ்சு வெடித்துப்போவாரா? "வேற ஏதாச்சும் எழுதணுமாம்மா?" என்று கணக்கப்பிள்ளை கேட்டார். "இல்லைங்க" என்றேன். அடுத்த காகிதத்தில் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த காகிதம் சித்தப்பா மகன் எழுதியது. அதில் மதினி போய்ச் சேர்ந்த செய்தி இருந்தது.

துரைசாணி சீமைக்குத் திரும்பியபோது குசினிச் சாமான்களைப் பிரித்துக் கொடுத்தார். மற்றவர்கள் பாத்திரம் கேட்டார்கள், நான் இந்தக் கத்தியைக் கேட்டேன். இப்போதும் பேரிக்காய் வரும் மாதங்களில் கீழே உட்கார்ந்து, கத்தியை அசைக்காமல் பழத்தைத் திருப்பிச் சீவுகிறேன். முக்கால்வாசி நாள் தோல் நடுவிலேயே அறுந்துவிடும். எப்போதாவது ஒருநாள் காம்பிலிருந்து அடிவரை ஒரே சுருளாக இறங்கும். அன்றைக்கு அதை இரண்டு விரலால் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "பெர்ஃபெக்ட் மதினி" என்று வாய்விட்டுச் சொல்வேன். உச்சரிப்பு இப்போது எனக்குச் சுத்தமாக வருகிறது.