டொரீன் விற்காத பொம்மை

நகுலேஸ்வரி மச்சாள் என் அண்ணையின் மனைவி. அண்ணை போய்ச்சேர்ந்த பிறகு ஸ்ட்ரெதத்தில் ஒரு கவுன்சில் பிளாட்டில் தனியாக இருந்தார். "விம்பிள்டனுக்கு வந்து எங்களோட இருங்கோ மச்சாள்" என்று எத்தனை தரம் கூப்பிட்டிருப்பேன்! மனிசி அசையவேயில்லை. எல்லாம் அந்தக் கண்டறியாத பொம்மைகளால்தான்.

நூறு வருசத்துக்கு முந்திய ஜெர்மன் பொம்மைகள். தலை மட்டும் பீங்கான். உடம்பு காகிதக் கூழும் பசையும். தலைமயிரை விலக்கி, பின்கழுத்தில் பதித்திருக்கும் எண்ணைப் பார்த்தே, துரிங்கியாப் பக்கத்தில் எந்த ஊர்ச் சூளையில் சுட்டது என்று சொல்லிவிடுவார். நானோ அந்தக் கண்ணாடிக் கண்களைக் கண்டாலே மற்றப்பக்கம் திரும்பிவிடுவேன்.

இந்தப் பைத்தியம் பிடிக்க வைத்தவள் டொரீன். பழம்பொருள் சந்தையில் பொம்மை விற்கிற வெள்ளைக்காரி. ஞாயிற்றுக்கிழமை என்றால் மச்சாள் அவளுடைய கடையில்தான். வாங்க வந்த சனத்தை நிற்க வைத்துவிட்டு, இரண்டு பேரும் தேத்தண்ணீர் குடித்தபடி அலட்டிக்கொண்டிருப்பார்கள். மற்ற நாட்களில் மச்சாளோடு கதைக்க ஒரு குருவியும் இல்லை.

2006 மாசியில் டொரீன் செத்துப்போனாள். செத்தவீட்டில் அவளுடைய பெறாமகள், தங்கச்சியின் மகள், ஒரு பெட்டியை மச்சாளிடம் கொடுத்தாள். உள்ளே, யார் எவ்வளவு கெஞ்சியும் டொரீன் விற்காத பொம்மை. அதை மச்சாளுக்கென்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருந்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மச்சாள் அதை மடியைவிட்டு இறக்கவில்லையாம்.

செத்தவீட்டுக்குப் போய்வந்தால் முழுகாமல் எதையும் தொடமாட்டோமே. மச்சாள் முழுகினார். அங்கிருந்து வந்த பொருளுக்கும் துடக்குத்தானே என்று, முழுகின கையோடு பொம்மையையும் மஞ்சள் தண்ணீரில் அமுக்கிவிட்டு உடுப்பு மாற்றப் போனார். ஈரத்துணியைப் பொம்மைக்குக் கிட்டக் கொண்டுபோனாலே என்னைக் குதறுகிற மனிசி! திரும்பி வந்தபோது உடம்பு ஊறிக் களியாகிவிட்டது. கையில் வந்தது தலை மட்டும்தான்.

"புனிதா, எல்லாம் கரைஞ்சு போச்சடி" என்று போனில் குழறினார்.

"என்ன கோதாரிக்கு மச்சாள் தண்ணியில போட்டனீங்கள்? உங்களுக்குத் தெரியாததே?"

"தெரியும். கை தன்ரபாட்டில செய்துபோட்டுது. ஓடிப்போய் டொரீனுக்குத்தான் போன் எடுத்தனான். ஏதும் உடைஞ்சால் அவளைத்தானே கேக்கிறனான். ரிங் போய்க்கொண்டே இருந்தது. ஏன் எடுக்கிறாளில்லை எண்டு எனக்குக் கோவம்கூட வந்திட்டுது, புனிதா."

"அழாதேங்கோ மச்சாள், நான் இப்பவே வாறன்" என்றேன்.

மச்சாள் மூக்கைச் சிந்தினார்.

"நீ வந்து என்ன செய்யிறது? உனக்கு இதைப்பற்றி என்ன தெரியும்?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.