ரோல் மாற்றிய நேரத்தில் எடுத்த லாவா

மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. அமெரிக்காவின் பே ஏரியாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் நான் பிஎச்டிக்குச் சேர்ந்த புதிது. ஹவாயிலிருந்து வந்த எரிமலைக் கல் ஒன்றை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து ஸ்லைடில் ஒட்டியிருந்தார்கள். உறையின் மேல் ‘ஃப்ரெஷ்’ என்று எழுதியிருந்தது. உள்ளே பார்த்தால் ஊசி ஊசியாகப் படிகங்கள், சேமியா உப்புமா மாதிரி.

உருகிய லாவாவை எடுத்த கையோடு தண்ணீரில் போட்டால் படிகம் வளர நேரம் இருக்காது; பழுப்புக் கண்ணாடியாக அப்படியே உறைந்துவிடும். அந்தக் கண்ணாடியின் கலவையை வைத்துத்தான் லாவா எவ்வளவு சூட்டோடு வெளியே வந்தது என்று கணக்குப் போடுகிறோம். ஆறவிட்டால் போச்சு. படிகங்கள் வளர்ந்து மிச்சமிருக்கும் கண்ணாடியின் கலவையை மாற்றிவிடும். கணக்கு உண்மையைவிடக் குறைந்த சூட்டைக் காட்டும். இந்த உப்புமாவை யாரோ ஆற அமரக் கிண்டியிருக்கிறார்கள். நானே போய் எடுத்தால் என்ன?

ஆல்பம்

நான் குடியிருந்தது ஃப்ரீமான்ட்டில், சுந்தர் அங்கிள் வீட்டு மாடி அறையில். வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அங்கிள் என்னை ஒரே மாதிரி அறிமுகப்படுத்துவார்: “நம்ம நிம்மி. கல்லு ஆராய்ச்சி பண்றா.” வந்தவர் முகத்தில் ஒரு துக்கம் படரும். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களில் தேதி குழம்பிவிடும் என்ற ஒய்2கே பயத்தில் ஊரே கம்ப்யூட்டருக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. ஹவாய்க்கு லாவா எடுக்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியை வைத்து ஒரே ஜோக்கைச் சொன்னார்கள். அதை எழுதி இந்தத் தாளை வீணாக்க மாட்டேன்.

“ஏம்மா, அது கொதிக்குமே! ரோபோ அனுப்ப மாட்டாங்களா?” என்றார் அங்கிள்.

“சுத்தியலாலதான் அங்கிள் எடுக்கணும்.”

“சுத்தியலுக்கா பிஎச்டி?”

பிறகு ஆல்பத்தை எடுத்துவிடுவார். கோல்டன் கேட் பாலத்தின் முன் அங்கிள். நயாகராவின் முன் அங்கிள். வெள்ளை மாளிகைக் கம்பிக்கு வெளியே அங்கிள். கோட் மாறவில்லை, சிரிப்பும் மாறவில்லை. அமெரிக்காவின் ஒவ்வொரு அதிசயமும் நம்மவர் முதுகுக்குப் பின்னால் நிற்பதற்காகவே படைக்கப்பட்டது. இந்த ஆல்பத்தை அப்போது நான் வெறும் அலுப்பு என்றுதான் நினைத்தேன். அது எரிமலை வரை என்னைத் துரத்தி வரும் என்று தெரியாது.

முதல் வாளி

ஹவாய்க்கு மூன்று பேர் போனோம். ஆய்வகத்தின் மூத்த விஞ்ஞானி பாஸ்கரன் சார், திருச்சிக்காரர். இம்தியாஸ், ஆம்பூர்க்காரன், டெக்சாஸில் பிஎச்டி முடித்துவிட்டு எங்களிடம் போஸ்ட்டாக் ஆராய்ச்சியாளனாக வந்தவன். மூன்றாவது நான். சார் லாவாவைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதியவர். அவர் லாவாவின் அருகில் நிற்கப்போவது இதுதான் முதல் முறை என்று இம்தியாஸ் விமானத்தில் என் காதைக் கடித்தான்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: உடம்பில் பருத்தி மட்டும் போடுங்கள். நைலானும் பாலியெஸ்டரும் அந்த அனலில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். இதை இம்தியாஸ் ஹோட்டலில் இரண்டு தடவை சொன்னான். மறுநாள் காலை சார் ஏதோ டாட்காம் கம்பெனி இலவசமாகக் கொடுத்த நைலான் ஜாக்கெட்டில் வந்து இறங்கினார்.

“சார், இது நைலான்.”

“நான் என்ன லாவாக்குள்ளயா குதிக்கப்போறேன்? லோகோ நல்லா தெரியும்பா.”

லோகோ ஏன் தெரிய வேண்டும் என்று அப்போது நாங்கள் கேட்கவில்லை.

காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நெருங்க வேண்டும். லாவா நீங்கள் நினைப்பதுபோல ஆறாக ஓடி வருவதில்லை. யானைக் கால் மாதிரி மெல்ல உப்பிக்கொண்டு வரும். மேலே சாம்பல் நிறத் தோல், வெடிப்பில் ஆரஞ்சு. கையுறைக் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போய், சுத்தியலின் கூர்முனையை அந்த வெடிப்பில் குத்தித் திருகி இழுக்க வேண்டும். பரோட்டா மாவு மாதிரி இழுபடும். சுத்தியல் முனையில் ஒரு கட்டி வந்ததும் திரும்பி ஓடி வாளித் தண்ணீரில் போட வேண்டும். வேலை அவ்வளவுதான். அந்தச் சில நொடிகளில் புருவம் பொசுங்கும் வாசனை வரும். எனக்கு அதைவிடச் சந்தோஷமான வாசனை இன்றுவரை கிடைக்கவில்லை.

இன்னொண்ணு

முதல் கட்டியோடு நான் வாளியை நோக்கித் திரும்பினேன். வாளிக்கும் எனக்கும் நடுவில் சார் நின்றுகொண்டிருந்தார்.

“அப்படியே குடும்மா. இம்தியாஸ், கேமரா!”

“சார், முதல்ல தண்ணி...”

“ஒரே ஒரு போட்டோ. ஊருக்கு அனுப்பணும். ஃபண்டிங் ரிப்போர்ட்டுக்கும் ஆகும்.”

சுத்தியல் அவர் கைக்குப் போனது. கட்டியை உயர்த்திப் பிடித்தார், நெஞ்சை நிமிர்த்தி லோகோவைக் காட்டினார், சிரித்தார். கோல்டன் கேட் முன்னால் பார்த்த அதே சிரிப்பு.

“போட்டோல லோகோ விழுந்துச்சா? இன்னொண்ணு எடு. எரிமலையும் பின்னாடி வரணும். கண்ணு மூடிட்டேன்பா, இன்னொண்ணு.”

ஆரஞ்சாக இருந்த கட்டி சிவந்தது, பிறகு கருஞ்சிவப்பானது, தோல் கட்டியது. அதன் பிறகே வாளிக்குப் போனது. தண்ணீர்கூட மரியாதைக்குத்தான் சீறியது.

அன்று எடுத்த கட்டிகள் எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான். நான் குத்தி எடுத்து வருவேன், சார் வாங்கிப் பிடிப்பார், இம்தியாஸ் கிளிக் பண்ணுவான். ஒரு தடவை அனல் பட்டு ஜாக்கெட்டின் கை சுருங்கி அப்பளமாயிற்று. சார் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அடுத்த போட்டோவுக்கு நின்றார்.

ஒரே ஒரு கட்டி தப்பியது. நான் அதை இழுத்து வரும்போது இம்தியாஸ் உட்கார்ந்து ஃபிலிம் ரோல் மாற்றிக்கொண்டிருந்தான்.

“இருக்கட்டும்மா, ரோல் போட்டதும்...” என்று சார் ஆரம்பித்தார். நான் அவரைச் சுற்றி ஓடி அதை வாளியில் போட்டேன். தண்ணீர் அலறியது. “என்னம்மா அவசரம்?” என்றார், நிஜமாகவே வருத்தப்பட்டு.

அவுட்லையர்

ஆய்வகத்துக்குத் திரும்பி எல்லாவற்றையும் தேய்த்து, எலக்ட்ரான் புரோப் கருவியில் வைத்துக் கலவையை அளந்தோம். போட்டோ எடுத்த கட்டிகள் அத்தனையும் சேமியா உப்புமா. கணக்குப் போட்டால் பழைய அளவுகளைவிடக் குறைந்த சூடு. ரோல் மாற்றிய நேரத்துக் கட்டி மட்டும் சுத்தமான கண்ணாடி. சூடு எப்போதும் போலவே இருந்தது.

சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இம்தியாஸும் அங்கே இருந்தான். மேஜையில் மாநாட்டுக்கு அனுப்ப வேண்டிய அப்ஸ்ட்ராக்ட், அதாவது கட்டுரைச் சுருக்கம். எரிமலையின் அடியில் இருக்கும் குழம்பு ஆறத் தொடங்கிவிட்டது என்பது கண்டுபிடிப்பு. எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயர் என்னுடையது.

“உன் கேரியர்ல முதல் பேப்பர்மா. எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா?”

“எரிமலை ஆறல சார். நம்ம கையிலதான் ஆறிச்சு. போட்டோ எடுத்தோமே.”

“ரெண்டு செகண்ட் போட்டோல என்னம்மா ஆயிடப்போகுது? எல்லா சேம்பிளும் ஒரே மாதிரி சொல்லுது பார்.”

“எல்லாத்தையும் ஒரே மாதிரி போட்டோ எடுத்தோம் சார். ஒண்ணு மட்டும் எடுக்கல. அது வேற சொல்லுது.”

“அது அவுட்லையர், கூட்டத்தோட ஒட்டாதது. தூக்கிடு.”

உருப்படியாக எடுத்த ஒரே கட்டி அவுட்லையர்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாருக்குப் பிடிக்கவில்லை.

“எரிமலை ஆறுதுன்னு சொன்னாதான் ஹால்ல ஆள் உக்காருவான். ஆறலைன்னு சொன்னா எவன் கேப்பான்? உனக்கு என்ன பிரச்சினை? பேரு வேண்டாமா?”

அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. ஃப்ரீமான்ட்டில் துக்கம் படரும் முகங்களுக்கெல்லாம் அச்சடித்துக் காட்ட ஆசையாக இருந்தது. ஆனால் இந்தத் துறையில் முதல் பெயர் லேசில் அழியாது. பிற்பாடு யாராவது ஒழுங்காக ஒரு கட்டி எடுத்து அளந்தால், எரிமலையைப் பொய்யாக ஆறவைத்தவள் என்று என்னைத்தான் மேற்கோள் காட்டுவார்கள்.

“என் பேரை எடுத்துடுங்க சார்.”

“அப்போ அடுத்த ட்ரிப்புக்கு என் பட்ஜெட்ல உனக்கு இடம் கிடையாது.”

இம்தியாஸ் தரைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“வாயில என்னடா, கொழுக்கட்டையா?”

“உனக்கென்ன, ஸ்டூடண்ட் விசா. எனக்கு க்ரீன் கார்ட் ஃபைல் அந்தாளு கையெழுத்துல ஓடிட்டு இருக்கு நிம்மி.” படிக்கட்டில் இறங்கப் போனவன் திரும்பினான். “அந்த அவுட்லையரத் தூக்கிப் போட்டுடாத. பத்திரமா வை.”

சார் தன் பெயரிலேயே அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள். அவர் அறைச் சுவரில் இப்போது பெரிய போட்டோ ஒன்று தொங்குகிறது: சிரிப்பு, லோகோ, கையில் கருஞ்சிவப்புக் கட்டி. அவருடைய பிழை எப்படி நேர்ந்தது என்பதை ஃப்ரேம் போட்டு அவரே மாட்டி வைத்திருக்கிறார். அவர் அறைக்குப் போகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துப் பாராட்டிவிட்டு வருகிறார்கள்.

நான் கற்றுக்கொண்டது சின்ன விஷயம்: தண்ணீர் முதலில், மனிதர்கள் அப்புறம்.

அடுத்த மாதம் மறுபடி ஹவாய் போகிறேன். டிக்கெட் என் கைக்காசு. இம்தியாஸ் லீவு போட்டுவிட்டு வாளி தூக்க வருகிறான். சாரிடம் டிஸ்னிலேண்ட் போவதாகச் சொல்லியிருக்கிறானாம். ஒரே வெடிப்பிலிருந்து ஜோடி ஜோடியாகக் கட்டிகள் எடுப்போம். ஜோடியில் ஒன்று நேராகத் தண்ணீருக்குப் போகும். மற்றதை நான் உயர்த்திப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நிற்பேன். இம்தியாஸ் எதிரே கேமராவோடு நின்று, “லோகோ விழல, இன்னொண்ணு, கண்ணு மூடிட்டீங்க, இன்னொண்ணு” என்று சாரின் கணக்குப்படியே சொல்லி முடித்த பிறகு அதுவும் வாளிக்குப் போகும். ஒரு போட்டோவுக்கு எத்தனை டிகிரி என்று அளந்து, அதற்குக் கீழே முதல் பெயராக என் பெயரைப் போடுவேன்.

கேமராவில் ரோல் இருக்காது.