மீட்டரம்மாவின் எண்பத்து மூன்று

மீட்டரம்மாவைப் பிடிக்கும் என்று சொல்ல அந்த ஊரில் ஓர் ஆள் கிடையாது. போக்குவரத்துக் காவலில் பத்தொன்பது வருஷம். நெடுஞ்சாலை ஓரத்தில், வண்டியின் வேகத்தை அளக்கிற ஸ்பீடு கன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்றால், அதில் என்ன எண் விழுகிறதோ அதுதான் சட்டம். கூடப் பிறந்த தம்பிக்கே அபராதச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்தவள். தம்பி அன்றோடு அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போனால் போகட்டும், ஓர் ஆள் சாப்பாடு மிச்சம் என்றாள்.

கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார், வாயே திறக்காமல் இருந்துவிட்டுப் போவார். மற்றபடி வீட்டில் அவளும் பதினாலு வயது மகளும்தான். மகள் சாஃப்ட்பாலில் பந்து வீசுகிறவள். கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இடுப்போரமாகக் கொண்டுவந்து விடுகிற வீச்சு. மட்டையோடு நிற்கிற பிள்ளை கண் கொட்டுவதற்குள் பந்து, அவளுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிக்கிற கேட்சரின் கையுறைக்குள் போய்ப் படாரென்று விழும். அவளுக்கு வட்டார அணியில் சேர ஆசை. நாலு மாதத்தில் தேர்வு. மூன்று பந்து வீசினால் குறைந்தது இரண்டு, மணிக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டும்.

கோச் பயந்து பயந்துதான் வந்து கேட்டார். "மேடம், உங்களுக்குப் பழக்கமான வேலைதானே, ஞாயித்துக்கிழமை வந்து பிள்ளைங்க வேகத்தைப் பாத்துச் சொல்ல முடியுமா?"

"ஆபீஸ் கன்னைத் தொடமாட்டேன்," என்றாள் வெடுக்கென்று. "சொந்தமா ஒண்ணு வாங்கிட்டு வரேன்."

சொன்னபடி வாங்கினாள். மைதானத்துக்குப் போனவள் கம்பிவேலி ஓரமாகப் பக்கவாட்டில் போய் நின்றாள். வருகிற வண்டிக்கு நேரெதிரே நிற்கக்கூடாது என்பது அவள் உடம்பில் ஊறிப்போன பாடம். இங்கே வருவது லாரியில்லை, பந்து என்று கால்களுக்கு யார் சொல்வது? மகள் வீசினாள். எண்பத்து மூன்று. மறுபடி வீசினாள். எண்பத்திரண்டு. அதற்கு மேல் ஏறவே இல்லை.

"எண்பத்து மூணு!" என்று மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "உடம்பு வணங்கலைன்னா வீட்லயே இருந்துக்க வேண்டியதுதானே?"

அன்றைக்குப் பிடித்தது சனி. பள்ளி விட்டு வந்ததும் வீட்டுப் பின்சுவரைப் பார்த்து நூற்றைம்பது பந்து. மழையா, பரீட்சையா, காய்ச்சலா, அந்தக் கதையெல்லாம் மீட்டரம்மாவிடம் எடுபடாது. சமையலறை ஜன்னல் வழியாகக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்து எண்ணுவாள். சுவரில் காரை உதிர்ந்து செங்கல் பல்லைக் காட்டியது. ஞாயிறு வந்தால் மறுபடியும் அதே வேலி, அதே எண்பத்து மூன்று.

"அம்மா, தோள் வலிக்குது."

"வலிக்கும். வேகமா போட்டா வலிக்காது, அரைகுறையாப் போட்டாத்தான் வலிக்கும்."

"யாரு சொன்னா உனக்கு? என்னை நம்பவே மாட்டியா நீ?"

"மிஷின் பொய் சொல்லாது. நீ சொல்லுவ."

அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. தட்டை வைக்கிற சத்தமும் கதவைச் சாத்துகிற சத்தமும்தான். மகள் இடது கையால் தலை வாரப் பழகியிருந்தாள். மீட்டரம்மா அதைப் பார்த்தாள், பார்த்தும் சோம்பேறித்தனம் என்று நினைத்தாள். இப்படியும் ஒரு தாயா என்று கேட்கலாம். கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் அவள் வாய்க்குப் பயந்து ஒதுங்கிவிட்டார்கள்.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர்கள் கேட்சருக்குப் பின்னால், வலைக்கு அந்தப் பக்கம், முக்காலியில் தங்கள் கன்னைப் பொருத்தி, பக்கத்திலேயே எண் பலகையும் வைத்திருந்தார்கள். மீட்டரம்மாவும் தன் கன்னோடு வந்து வழக்கம்போல வேலி ஓரத்தில் நின்றாள். பக்கத்தில் ஒரு லாரிக்காரர் நின்றிருந்தார். அவர் மகள்தான் கேட்சர். மீட்டரம்மாவிடம் நாலு முறை அபராதம் கட்டியவர் என்பதால் இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மகள் முதல் பந்தை வீசினாள். பலகையில் எண்பத்தெட்டு விழுந்தது. கூட்டம் ஹோவென்று கத்தியது. மகள் திரும்பி, எத்தனையோ நாளைக்குப் பிறகு, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

மீட்டரம்மா தன் கன்னைப் பார்த்தாள். எண்பத்து மூன்று.

"நிறுத்துங்க!" என்று மைதானத்துக்குள் இறங்கிவிட்டாள். "உங்க மிஷின் தப்பு. அவ போட்டது எண்பத்து மூணு. ஏமாத்து வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்!"

"மேடம், உங்க பொண்ணுதானே?" என்றார் தேர்வாளர், ஒன்றும் புரியாமல்.

"யார் பொண்ணா இருந்தா என்ன?"

அதோடு விட்டாளா? சோதித்துக் காட்டினால்தான் ஆச்சு என்று ஒற்றைக் காலில் நின்றாள். கன்னைச் சரிபார்க்க ஓர் இரும்புக் கவை உண்டு. தட்டி, அது அதிரும்போதே கன்னின் முன்னால் பிடித்தால் குறித்த எண்ணைக் காட்ட வேண்டும். தேர்வாளர்களுடையது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடவே கால்மணி நேரம். தோளைப் பிடித்தபடி மகள் நடுமைதானத்தில், குளிர்காற்றில் நின்றிருந்தாள். கடைசியில் தட்டிப் பார்த்தார்கள். அவர்களுடையதும் சரி. இவளுடையதும் சரி.

லாரிக்காரர் வேலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "ஓரமா நின்னு புடிச்சா கம்மியாத்தான் காட்டும், மேடம். நேரா நின்னாத்தான் முழுசாத் தெரியும். போன மாசம் தொண்ணூத்தொண்ணுன்னு எழுதுனீங்களே, அன்னைக்கு நான் தொண்ணூத்தாறுல வந்தேன். எனக்கு லாபம், நான் ஏன் வாயத் தொறக்கப் போறேன்?"

மீட்டரம்மா கன்னை இறக்கினாள். பணியில் சேர்ந்த முதல் வாரம் வகுப்பில் சொல்லித் தந்ததுதான். ஓட்டுகிறவனுக்குத்தானே சாதகம், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை என்று அன்றைக்கே விட்ட பாடம். நாலு மாதமும் பிள்ளை எண்பத்தெட்டில் வீசியிருக்கிறாள். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம்!

"சரி, அடுத்த பந்து," என்றார் தேர்வாளர்.

ஆறிப்போன கை எழும்பவில்லை. இரண்டாவது பந்து எழுபத்தொன்று. மூன்றாவதுக்குக் கை பாதிச் சுற்றிலேயே நின்றது, மகள் அலறிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். மீட்டரம்மா ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தாள். "தொடாத!" என்றாள் மகள். லாரிக்காரரின் மகள்தான் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து தாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி. டாக்டர் தோளின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். தசைநார் கிழிந்திருக்கிறது, ஒரு வருஷத்துக்குப் பந்தைத் தொடக்கூடாது, அப்புறமும் பழைய கை வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

"ஒரு நாளைக்கு நீ எத்தனை பந்து போடுவம்மா?"

"நூத்தம்பது."

"நூத்தம்பதா? வலியோடயா? யாரு உன்னைப் போடச் சொன்னது?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதோ உக்காந்திருக்காங்களே, அவங்களைக் கேளுங்க."

டாக்டர் மீட்டரம்மாவைப் பார்த்தார்.

"நான்தான் சார்," என்றாள் அவள். "வேகம் பத்தலைன்னு போடச் சொன்னேன். அவ சரியாத்தான் போட்டிருக்கா."