மில் புகையும் என் வெள்ளைச் சட்டைகளும்

ஆரணிக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம். இன்றைக்குத்தான் அக்கம்பக்கத்தில் ஒருவர் என்னிடம் பேசினார்.

விடிந்ததும் வெள்ளைச் சட்டைகளைத் துவைத்து மாடியில் காயப்போட்டேன். கடலூர்க்காரன் புத்தி. அங்கே காற்று ஏதாவது ஒரு பக்கம் வீசிக்கொண்டே இருக்கும், புகை நிற்காது. இங்கே மார்கழியில் இலைகூட அசைவதில்லை. அரிசி மில் புகை பனியோடு சேர்ந்து தெருவிலேயே படுத்துக் கிடக்கிறது.

பக்கத்து மாடியிலிருந்து ஓர் அம்மா கத்தினார்: "இன்னா சார், கரி கொட்டிகினு இருக்குது, துணி அது பாட்டுக்குத் தொங்குது! ஜல்தி எடுங்க!"

ஓடிப்போய்ப் பார்த்தால் சட்டையெல்லாம் கரும்புள்ளி.

"பனி நாள்ல புகை மேல ஏறாது சார். வெயில் நல்லா வந்தப்புறம் போடுங்க, ஒண்ணும் ஆவாது."

போகிறபோக்கில், "நாஷ்டா ஆச்சா?" என்று காலைச் சாப்பாட்டையும் விசாரித்தார்.

இந்தப் பதிவை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அடிக்கும்வரை வேறு யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

நாளைக்கும் விடிந்ததுமேதான் காயப்போடப் போகிறேன். சட்டைகளை மறுபடி துவைத்தாயிற்று; துவைக்க மிச்சமிருப்பது ஒரு போர்வை மட்டும். அதையே தினமும் துவைத்தால் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.