கராஜுக்குள் நின்ற இலைப்பை

மேப்பிள் இலை காய்ந்தால் ஒரு மணம். நனைந்தால் வேறு மணம். கடதாசிப் பைக்குள் சில நாள் அடைந்து கிடந்தால் அது மூன்றாவது மணம், ஊறிப்போன தேயிலைத் தூளும் ஈரச் சாக்கும் சேர்ந்த மாதிரி. அந்த மூன்றாவது மணம் எனக்கு இப்பவும் மூக்கில் நிற்கிறது. கன வருசமாச்சு. போகவில்லை.

இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து அஜின்கோர்ட்டில் அப்பா வாங்கின முதல் வீடு அது. எனக்குப் பதினொரு வயது. முன்னுக்கு ஒரு மேப்பிள், பின்னுக்கு இன்னும் இரண்டு. வாங்கும்போது கோடை. நல்ல நிழல் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஒக்ரோபர் பிறந்த பிறகுதான் அந்த நிழலுக்குள் எவ்வளவு வேலை இருந்ததென்று தெரிந்தது. காலையில் வாரினால் பின்னேரம் பழையபடி. கடையில் வாங்கின வாரியை அம்மா "குப்பைவாரி" என்பா, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேறு பேர் சொல்லுவார், நான் இரண்டையும் சொல்லுவேன்.

குப்பை எடுக்கிற நகரசபை ஆட்கள், எங்கட வாயில் சிற்றிக்காரர், இலையைப் பிளாஸ்ரிக் பையில் கட்டினால் எடுக்கமாட்டார்கள். தடித்த மண்ணிறக் கடதாசிப் பையில்தான் போடவேண்டும், வாயை மடித்து விடியவே வீதியோரம் நிறுத்தவேண்டும், கிழமை விட்டுக் கிழமை லொறி வரும், டிசம்பர் தொடங்கக் கடைசித் தடவை வந்து போனால் பிறகு வசந்தம் வரைக்கும் வராது. அப்பா பேக்கரியில் இரவு வேலை செய்தார். விடிய வந்து, மாப் படிந்த சப்பாத்தோடு, உடுப்பும் மாற்றாமல் இலை வாருவார். கதை குறைந்த மனிசன். அவர் சொன்னது ஒன்றுதான்: "எங்கட இலை மற்றவன்ர வாசலுக்குப் போகக்கூடாது."

வீட்டுக்கு அடியில் பேஸ்மென்றில் ராணி அன்ரி வாடகைக்கு இருந்தா. அவவின் கணவர் தவம் அங்கிள் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். அன்ரிக்குப் பெட்டி அடைக்கிற ஃபக்ரரியில் வேலை. மெசினுக்குக் கிட்டச் சங்கிலி போட விடமாட்டார்கள். அதனால் தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவா.

அந்த வருசம் எங்கட ஆக்களின் வீடுகளாகப் பார்த்துக் கள்ளர் வந்தார்கள். கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால் நகை இல்லை. எங்கள் குசினியில் அன்ரியும் அம்மாவும் வேறு ஒன்றும் கதைக்கவில்லை.

"அரிசி வாளிக்க வைச்சதை எடுத்திட்டாங்களாம் அக்கா. சாமிப்படத்துக்குப் பின்னால வைச்சதையும்."

"பிக்கரிங்கில ஒரு வீட்டில மீன் பாசலுக்க சுத்தி ஃப்ரீசருக்க வைச்சிருக்குதுகள். அதையும் எடுத்திட்டாங்கள்."

"மீனையுமோ?"

"மீனை ஏன் எடுக்கிறான்? அவனுக்கு வெட்டத் தெரியாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிய அன்ரி தன் கொடியைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்தா. பேஸ்மென்ற் கதவுப் பூட்டு சரியில்லை. "அவர் வரேக்க எயார்போட்டுக்கு இதைப் போட்டுக்கொண்டுதான் போகவேணும் அக்கா. அதுமட்டும் உங்களிட்டை இருக்கட்டும்." அங்கிளுக்கு விசா கிடைத்திருந்தது. டிசம்பர் நடுவில் வருகிறார்.

அம்மா அதை எங்கே வைத்தா என்று ஒருத்தருக்கும் சொல்லவில்லை. தன்னுடைய கொடி கழுத்தில் கிடந்தது. இது அடுத்தவளுடைய பொருள், பயம் கூட.

கடைசி லொறி வருகிற நாள். எனக்குக் காய்ச்சல், பள்ளிக்குப் போகவில்லை. அப்பா வேலையால் வந்து, வெளியே நின்ற பைகளை ஒழுங்காக அடுக்கினார். கராஜுக்குள் அரைவாசி நிரம்பின பை ஒன்று தனியாக நிற்பதைக் கண்டார். அதற்குள் கூரைப் பீலியில் அடைத்திருந்த இலையையும் அள்ளிப் போட்டு, வாயை மடித்து, அதையும் வெளியில் வைத்தார். லொறி வந்தது. எடுத்தது. போனது. நான் சன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வேலைக்காரர்கள், ஒரு இலை சிந்தவில்லை.

அம்மா காலைத் துப்புரவு வேலை முடித்து வந்து நேரே கராஜுக்குள் போனா. திரும்பி வந்தா.

"இஞ்சாருங்கோ, உதில நிண்ட பை எங்க?"

"வெளியில வைச்சன்."

"ஏன்?"

"இண்டைக்குத்தானே கடைசி நாள்."

அம்மா குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டா. "ராணியின்ர கொடி அதுக்க."

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். ஏச்சு வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஏசியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். வெளியே ஓடினோம். வீதி முழுக்க வெறுமை. பைகள் நின்ற இடத்தில் புல் சதுரம் சதுரமாக அமுங்கிக் கிடந்தது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும்.

காரில் ஏறி வீதி வீதியாகத் தேடி, லொறியைக் கண்டுபிடித்தோம். வீட்டில் இங்கிலீசு ஓரளவு தெரிந்த ஆள் நான்தான். காய்ச்சலோடு இறங்கிப் போய்ச் சொன்னேன். லொறி ஓட்டின சிவப்புத் தாடிக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையுறையைக் கழற்றிவிட்டு முழுக்கக் கேட்டார். எங்கள் வீதி இலை முதல் லோட்டில் போய், கொட்டியாகிவிட்டது என்றார். கொட்டுகிற இடத்துக்குப் போன் பண்ணியும் கேட்டார். அவர் சொன்னதை நான் அப்பாவுக்குச் சொன்னேன்: "எல்லாற்ற இலையும் ஒண்டாய்க் கிடக்குதாம். மெசினால அரைச்சு மண்ணாக்குவினமாம். வசந்தத்தில அந்த மண்ணைச் சனத்துக்குச் சும்மா குடுப்பினமாம்."

அப்பா, "எங்க குடுப்பினம் எண்டு கேள்" என்றார்.

அவருக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். ஆனாலும் கேட்டேன்.

அந்த இடத்துக்கும் போனோம். உள்ளே விடவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். இரண்டு மாடி உயரத்துக்கு இலை. அதற்குள்ளிருந்து ஆவி பறந்தது. மெசின் ஒன்று அள்ளி அள்ளிப் புரட்டிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் இவ்வளவு இலை இருக்குமென்று எனக்கு அன்றுவரை தெரியாது. அம்மா பார்த்தா, பிறகு காருக்குள் போய் இருந்துவிட்டா.

பின்னேரம் அன்ரி வேலையால் வந்ததும் அம்மா சொல்லிவிட்டா. சுற்றி வளைக்கவில்லை. சொல்லிவிட்டு, கையைப் பின்னுக்குக் கொண்டுபோய்த் தன் கொடியைக் கழற்றி அன்ரியிடம் நீட்டினா. அப்பா பக்கத்தில் நிற்கிறார். புருசன் உயிரோடு முன்னால் நிற்க ஒரு பொம்பிளை தாலி கழற்றியதை நான் அதற்கு முதலும் காணவில்லை, பிறகும் காணவில்லை.

அன்ரி வாங்கவில்லை. "விசரே அக்கா உங்களுக்கு? உங்கட மனிசன் கட்டினதை நான் போட்டுக்கொண்டு போய் என்ர மனிசனுக்கு முன்னால நிக்கிறதோ?" என்று, தானே அதை அம்மாவின் கழுத்தில் திரும்பப் போட்டுப் பூட்டினா. பிறகு படியில் இருந்துகொண்டு மெதுவாகக் கேட்டா: "அவருக்கு நான் என்ன சொல்ல?"

மஞ்சள் கயிற்றோடுதான் எயார்போட்டுக்குப் போனா.

அங்கிள் வந்த கிழமையே மேலே ஏறி வந்தார். நல்ல மரியாதையான மனிசன், ஆனால் அன்று இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. "இலைக்க ஆரும் கொடி வைப்பினமோ அண்ணை? எனக்குக் காதில பூச் சுத்துறியளோ?"

அப்பா சொன்னார்: "போனது என்ர வீட்டில. செய்து தாறன்."

"எடுத்ததைத் திருப்பித் தாறியளோ?"

அன்ரியும் அங்கிளும் மில்லிக்கன் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். அன்ரி போகும்போது அம்மாவின் கையைப் பிடித்தா, அங்கிள் காரில் ஹோர்ன் அடித்தார். கதை கோயிலுக்கும் கலியாண மண்டபத்துக்கும் போனது. ஒரு சாப்பாட்டு மேசையில் ஒரு பொம்பிளை அம்மாவைக் கேட்டா: "உங்கட வீட்டில குப்பையும் பவுன் விலையாமே?" மேசை சிரித்தது. அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தா, சாப்பிடவில்லை. களவெடுத்த குடும்பம் என்று பேர் எடுத்துவிட்டோம். நாங்கள் எடுக்கவில்லை என்று காட்ட ஒரு வழியும் இல்லை.

வசந்தம் வந்தது. மண் கொடுக்கிற நாளில் அப்பா வாளிகளோடு என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். பெரிய பார்க்கிங் லொட் ஒன்றில் கறுப்பு மண் மலை மாதிரிக் கிடந்தது. சனம் ரோசாவுக்கும் தக்காளிக்கும் அள்ளிக்கொண்டு நின்றது. அப்பா கார் டிக்கியைத் திறந்தார். அம்மாவின் மா அரிக்கிற அரிதட்டு. வீட்டுக்குக் கொண்டுபோக அளவு உண்டு, ஆனால் அங்கே நின்று அரிக்கக் கூடாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஓரமாக நின்று, அள்ளி, அரித்து, திரும்பக் குவியலில் கொட்டினார். போத்தல் மூடி வந்தது. பூட்டுத் திறப்பு ஒன்று வந்தது. பொம்மைக் கால் ஒன்று வந்தது. வெட்கத்தில் நான் காருக்குள் குனிந்து இருந்தேன்.

அடுத்த வசந்தமும் போனார். அதற்கடுத்ததும். அம்மா வேண்டாம் என்றா. அவர் அரிதட்டைத் தூக்கினார். அது ஒருநாளும் கிடைக்காது என்று எனக்கு விளங்கும் வயது வந்துவிட்டது. அவருக்கும் விளங்கியிருக்கும்.

இப்படிப் போன ஒரு வருசம், தவம் அங்கிள் வாளியோடு அங்கே வந்து நின்றார். தக்காளிக்கு மண் எடுக்க வந்தவர். கன நேரம் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"என்ன அண்ணை தேடுறியள்?"

அப்பா நிமிரவில்லை. "உங்கட கொடி."

"இன்னுமோ?"

"இன்னும் கிடைக்கேல்லையே."

அங்கிள் வாளியைக் கீழே வைத்தார். சுற்றி வந்து மண்வெட்டியை எடுத்தார். "நீங்கள் அரியுங்கோ. நான் அள்ளிப் போடுறன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்தமும் இரண்டு பேரும் போனார்கள். கரண்ட் பில், இடுப்பில் நாரி நோ, தக்காளி, இவ்வளவுதான் கதை. அம்மாவும் அன்ரியும் திரும்பப் போனில் கதைக்கத் தொடங்கினார்கள். கோயிலில் சனத்தின் வாயும் மூடிக்கொண்டது. அங்கிள் எங்களை நம்பிவிட்டார் என்று வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

போன வருசம், இலை கொட்டுகிற நேரம், அப்பா போய்விட்டார். செத்தவீட்டில் அங்கிள் பெட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு நன்றி சொல்லவேணும் போல இருந்தது.

"எங்களை நம்பினதுக்குச் சந்தோசம் அங்கிள்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நம்பினது எண்டு இல்லைப் பிள்ளை."

எனக்கு விளங்கவில்லை.

"இலைக்க ஆர் கொடி வைப்பினம்? எனக்கு இண்டைக்கும் தெரியாது. அந்த மனிசன் தனிய நிண்டு அரிச்சவர், அதுதான் போனனான்."

அவ்வளவு வருசம். "அப்பாவுக்கு இது தெரியுமோ?"

"ஒருநாள் கேட்டவர். இதைத்தான் சொன்னனான்."

"அவர் என்ன சொன்னார்?"

"'சரி, அள்ளு' எண்டார்."

அந்த வீட்டில் இப்போது நானும் அம்மாவும். பின்னுக்கு நின்ற மரம் இரண்டும் கறையானும் காற்றுமாகப் போய்விட்டன. முன்னுக்கு நின்றதைச் சிற்றிக்காரர் வெட்டி, அடியையும் அரைத்து, புல் விதைத்துவிட்டார்கள். அம்மாவின் கொடி பாங்க் பெட்டிக்குள். ராணி அன்ரி இன்றுவரை புதுக்கொடி செய்யவில்லை. இந்த வசந்தம் மண் கொடுத்த நாளில் எனக்கு வேலை, நான் போகவில்லை. மத்தியானம் அன்ரி போன் எடுத்தா. அங்கிள் விடியவே அரிதட்டு ஒன்றோடு வெளிக்கிட்டு அங்கே போய்விட்டாராம். இன்னும் வரவில்லையாம்.