அவள் கையெழுத்தில் என் பதில்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மொரீஷியஸில் ஸ்வெட்டர் பின்னி ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலைக்கு, கம்ப்யூட்டர் நிபுணன் என்று சென்னையிலிருந்து என்னை வரவழைத்தார்கள். உள்ளதைச் சொன்னால், அங்கே கம்ப்யூட்டரை ஓட்டிய யூனிக்ஸில் எனக்கு எல்லாம் அரைகுறை. அதை மூடி மறைப்பதில் மட்டும் உண்மையாகவே நிபுணன்.

என் அறையில் ஆர்டர் விவரங்களைத் தட்டச்சு செய்ய ஒரு பெண் இருந்தாள். ட்ரியோலே என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னை 'மிஸ்யே' என்பாள், சார் என்று அர்த்தம். பேக்கிங்கில் ஸ்வெட்டர் மடித்துக்கொண்டிருந்தவளை மேலாளர் சோதனையாகச் சில மாதங்களுக்கு அனுப்பியிருந்தார். தேறினால் இந்த வேலையே நிரந்தரம். அதற்காக அவள் மதிய உணவு நேரத்திலும் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பாள்.

தமிழ்க் குடும்பம்தான், வீட்டில் பேசுவது அந்தத் தீவின் மொழியான கிரியோல். கோயில் பாட்டுகள் தங்குதடையின்றி வரும், பேச்சுத் தமிழ்தான் தடுமாறும். நான் அதைத் திருத்துவதையே பொழுதுபோக்காக வைத்திருந்தேன். தமிழே வராதவளுக்கு வேறென்ன வரப்போகிறது என்ற நினைப்பு. எங்கள் ஊரிலிருந்து போன பலருக்கும் இந்த வியாதி இருந்தது, எனக்குக் கொஞ்சம் முற்றியிருந்தது.

அப்போது புதிய மென்பொருள் ஒன்று வாங்கினோம். சர்வரில் என்ன வகை பிராசஸர் என்று விற்பவர்கள் படிவத்தில் கேட்டிருந்தார்கள். அலமாரியிலிருந்த பழைய கோப்பைப் பார்த்து நான் சொல்ல, அவள் எழுதினாள். நடுவில் பேனா நின்றது.

"மிஸ்யே, அது பழசு. சிக்லோன் வந்து மஷின் கெட்டுப்போச்சு. தெக்னிசியன் உள்ள எல்லாம் மாத்தினான். மஷின்கிட்டயே கேக்கலாம்."

நோட்டை என் பக்கம் திருப்பினாள். uname -p என்று எழுதியிருந்தது. அதைத் தட்டி என்டர் அழுத்தினால் போதும், பிராசஸரின் பெயர் திரையில் வந்துவிடும். அரை நிமிட வேலை. ஆனால் அந்தக் கட்டளை எனக்குத் தெரியாது. தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது.

"ஸ்வெட்டர் மடிச்ச நீ எனக்கு யூனிக்ஸ் சொல்லித் தர்றியா? சொன்னத எழுது" என்றேன். எழுதினாள்.

சில வாரங்களில் மென்பொருள் இருந்த டேப் வந்தது. சர்வரில் ஏறியது, ஓட மறுத்தது. நீங்கள் எழுதிக் கொடுத்த பிராசஸருக்குத்தான் அனுப்பினோம் என்று விற்பவர்களிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. மேலாளர் படிவத்தோடு அறைக்குள் வந்து, இதை எழுதியது யார் என்று கேட்டார்.

"மோ மெம்" என்றாள் அவள். நான்தான் என்று.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எழுதியது அவள் என்பது உண்மை. மிச்ச உண்மையை நான் சொல்ல வேண்டும். திரையில் ஏதோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். மேலாளர் படிவத்தை எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை அவள் பேக்கிங்குக்குத் திரும்பிவிட்டாள்.

அதன் பிறகுதான் அந்தக் கட்டளையைத் தட்டினேன். ஒரே ஒரு சொல் வந்தது. கோப்பில் இருந்தது அல்ல. வேறு டேப் கேட்டு எழுதிய கடிதத்தில், குமாஸ்தாவின் கவனக்குறைவால் நேர்ந்த தவறு என்று காரணம் காட்டினேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அடுத்து வந்த தைப்பூசத்தன்று கோயிலில் அவளைப் பார்த்தேன். நழுவப் பார்த்தேன், முடியவில்லை. கூட வந்த அவள் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கிரியோலில் வேகமாக ஏதோ சொன்னார். எனக்குப் புரியாததால் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னாள்.

"அம்மா சொல்லுது, நான் தப்பு பண்ணிட்டேன், மிஸ்யே கோவம் வேண்டாம். திரும்ப கூப்பிட்டு எனக்கு கம்ப்யூட்டர் சொல்லிக் குடுங்க, அப்படி கேக்குது."

"பார்க்கலாம்" என்றேன்.

அதையும் அவளே தன் அம்மாவுக்குக் கிரியோலில் சொன்னாள்.